உஷார்! தறி நின்ற வீட்டுக்கு முதலில் வரும் பணம்

களம்பூர், ஆரணி சுற்றுவட்டாரத்தில் தறி வைத்திருக்கும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். வீட்டுக்காரரோ வீட்டம்மாவோ திடீரென்று படுக்கையில் விழுந்தால், நோய் என்ன செய்யும் என்பதை டாக்டர் சொல்லிவிடுவார். அட்மிஷன் போட்ட ராத்திரியிலிருந்து அடுத்த பத்து நாளுக்குள் யாரிடம் கை நீட்டுகிறீர்கள், எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதைப் பற்றி எச்சரிக்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார். நோய் ஆறு மாதத்தில் போய்விடும்; அந்தப் பத்து நாளில் வாங்கிய கடன் போகாது. தறியை விற்று, நகையை விற்று, பிள்ளையின் படிப்பை நிறுத்திய பிறகும் வட்டி கட்டிக்கொண்டிருக்க வைப்பது அதுதான்.

எல்லாத் தொழிலிலும் இது உண்டு என்பீர்கள். உண்டுதான். ஆனால் பட்டுத்தறி வீட்டில் அடி இரண்டு பங்காக விழுகிறது. மாதச் சம்பளக்காரர் வீட்டில் மனைவி படுத்தால் கணவனின் சம்பளம் வரும். தறிக்காரர் வீட்டில் அப்படி இல்லை. கணவர் குழியில் உட்கார்ந்து நெய்தால், மனைவி ராட்டையில் தார் சுற்றுகிறார். இழை அறுந்தால் எடுத்துக் கட்டுகிறார், புதுப் பாவு பிணைக்கும் நாளில் கூடவே உட்காருகிறார், கோர்வைச் சேலையாக இருந்தால் பக்கத்தில் இருந்து கரை நாடாவையும் தள்ளுகிறார். முதலாளி கொடுக்கும் கூலி சேலைக்குத்தான். அதில் ராட்டைக்கு இவ்வளவு, தறிக்கு இவ்வளவு என்ற பிரிவே கிடையாது. அதனால் அந்த அம்மா படுத்துவிட்டால், அதுவரை கண்ணுக்கே தெரியாமல் இருந்த வேலைக்கு வெளியாளைப் பிடித்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் பத்து நாள் சேலை இருபது நாளாக இழுக்கிறது. நெய்கிறவரே படுத்துவிட்டாலோ, சுற்றிய தாரை வைத்துக்கொண்டு அந்த அம்மா என்ன செய்வார்? இரண்டு பேர் உழைப்பும் ஒரே நாளில் நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் கூட இருந்து பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும் அல்லவா? மிச்சமிருந்த ஒரு ஜோடிக் கையும் அங்கே போய்விடுகிறது.

இந்த நேரத்தில்தான் வாசலில் பைக் வந்து நிற்கும்.

"அக்கா, மாமாவ வேலூர்ல சேத்துட்டாங்களாமே, இப்பதான் கேள்விப்பட்டேன். மொதல்ல பணத்த வாங்கிக்கோங்க. கணக்கு வழக்கு அப்பறமா பாத்துக்கலாம். ஒரு கையெழுத்து மட்டும் போட்ருங்க." சொல்கிறவன் பக்கத்துத் தெருப் பையனாக இருப்பான், முறை வைத்துக் கூப்பிடுவான், உண்மையாகவே வருத்தப்படவும் செய்வான். அவன் நீட்டும் பத்திரத்தில் தொகை எழுதியிருக்காது, தேதியும் இருக்காது. கூடவே ஒரு காசோலையோ ஏ.டி.எம். அட்டையோ ரேஷன் கார்டோ கேட்பான். அந்த ராத்திரி அவன் கடவுள் மாதிரி தெரிவான். கூசாமல் "நாளைக்குச் சொல்றேன் தம்பி" என்று அனுப்பிவிடுங்கள்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நம் பக்கத்துத் தண்டல் வழக்கப்படி 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 கையில் கொடுத்தால், தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு 1,500 ரூபாய்தான் வட்டி. ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்ட ஆரம்பித்துவிடுவதால், சராசரியாக உங்கள் கையில் இருப்பது நாலாயிரத்துச் சொச்சம்தான். நாலாயிரத்துச் சொச்சத்துக்கு நூறு நாளில் ஆயிரத்து ஐநூறு வட்டி! வருடக் கணக்கில் பார்த்தால் நூற்றுக்கு நூறையே தாண்டும். அஞ்சு வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கினால் மாதம் 2,500, வருடம் 30,000 வட்டியாகவே போகும். அசலில் ஒரு பைசா குறைந்திருக்காது. தறி ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே கட்ட முடியாத தொகையை, தறி நின்ற பிறகு எப்படிக் கட்டுவது? அதைக் கட்ட இன்னொரு தண்டல், அதைக் கட்ட ஒரு குழுக் கடன் என்று போகும்.

என் கட்சி இதுதான்: நகை இருந்தால் முதலில் நகை. கடன் வாங்குவதற்கு வெட்கப்படாதவர்கள்கூட நகையைத் தொட வெட்கப்படுகிறார்கள், ஊருக்குத் தெரிந்துவிடுமாம். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வட்டி வருடக் கணக்கில் பேசப்படுவது. தெருவில் அதே சதவீதத்தை மாதத்துக்குப் பேசுகிறார்கள். நகை பெரியதாக இல்லை, மீட்கவும் வழி தெரியவில்லை என்றால், ஒரு சின்ன உருப்படியை விற்றே விடலாம். விற்ற நகைக்கு வட்டி ஏறாது.

பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் பயந்து நடுங்க வேண்டியதும் இல்லை. கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தாயிற்று. மீறினால் 3 வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025-ல் இன்னொரு சட்டமும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. சட்டம் இருப்பதால் எல்லாம் சரியாகிவிடாது என்பது எனக்கும் தெரியும். 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் கந்து வட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே, இரண்டு பெண் குழந்தைகளோடு, தீக்குளித்துக் கருகியது அந்தச் சட்டம் வந்து பதினாலு வருடம் கழித்துத்தான். ஆனாலும் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து அதற்கு ரசீது வாங்கி வைத்திருப்பவரிடம் வசூல்காரர் பேசும் தொனி வேறு மாதிரி இருக்கும்.

குழுக் கடன் வாங்கியிருக்கும் பெண்களுக்கு ஒரு தனிச் சேதி. வீட்டுக்காரர் ஐ.சி.யூ.வில் இருக்கும்போது வாரத் தவணைக்காரர் வந்து, மற்ற உறுப்பினர்களையும் கூட்டி வைத்து, "கட்டாம நகர மாட்டோம்" என்று உட்காருவார். ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த நுண்கடன் விதிகளைப் படித்தால், இது கூடவே கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. மிரட்டல் கூடாது, உறவினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுப்பதே தப்பு. இந்தக் கடனுக்கு எந்தப் பொருளையும் ஈடாக வாங்கக் கூடாது. முதலில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால், பதில் திருப்தியில்லையென்றாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. இன்னொன்று, பலர் கவனிக்காதது: கடன் கொடுக்கும்போதே காப்பீட்டுப் பிரீமியம் என்று ஒரு தொகையைப் பிடித்திருப்பார்கள். கடன் அட்டையை எடுத்துப் பாருங்கள். பல நிறுவனங்களில் அது வாங்கியவரோடு கணவரையும் சேர்த்தே காப்பது. அவர் இறந்த பிறகும் தவணை கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் கடனே கழிந்திருக்கலாம்.

போனில் 'ஐந்து நிமிடத்தில் கடன்' என்று வரும் ஆப்களைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. உங்கள் போனில் இருக்கும் அத்தனை நம்பரையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு, பிறகு உங்கள் படத்தையே அசிங்கமாக மாற்றிச் சொந்தக்காரருக்கு அனுப்புவார்கள். தொடாதீர்கள். மாட்டிக்கொண்டிருந்தால் 1930.

இனி காசில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2009-ல் கலைஞர் காப்பீடாகத் தொடங்கி 2012 ஜனவரியில் இந்தப் பெயருக்கு மாறியது. இன்று குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தறிக்காரக் குடும்பங்களில் பாதிக்கு மேல் இதற்குள் வந்துவிடும் என்று தைரியமாகச் சொல்லலாம். அப்படியிருந்தும் அட்டை இருக்கிறதா என்று கேட்டால், "இருக்குது, பழசு, எங்கயோ பரண்ல கெடக்குது" என்ற பதில்தான் வருகிறது. அட்டையில் கல்யாணமாகி வந்த மருமகள் பேர் இருக்காது, பிறந்த பேரன் பேர் இருக்காது, ரேஷன் கார்டு பிரிந்த பிறகு புதுக் கார்டுக்கு மாற்றியிருக்க மாட்டார்கள்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன ரேஷன் கார்டு விஷயம் வருகிறது. காப்பீட்டுக்குப் பதிய வேண்டுமானால் ரேஷன் கார்டும் ஆதாரும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றும் வேண்டும். கார்டைத் தண்டல்காரரிடம் அடகு வைத்துவிட்டு வந்தவர், ஐந்து லட்ச ரூபாய்ச் சிகிச்சைக்கான சாவியை ஐயாயிரத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். பதிவு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் நடக்கும். களம்பூர்க்காரர்களுக்கு அது திருவண்ணாமலை. ஒரு நாள் கூலி போய்விடும். போகட்டும். நோய் வருவதற்கு முன்னால் போகும் ஒரு நாள் கூலிக்கும் வந்த பிறகு போவதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. "நான் எடுத்துத் தர்றேன், ரெண்டாயிரம் குடுங்க" என்று வரும் ஏஜெண்டுகளை வாசலோடு அனுப்புங்கள். பதிவுக்குக் கட்டணமே கிடையாது.

அட்டை கையில் இருக்கிறது என்று எந்த ஆஸ்பத்திரிக்குள்ளும் நுழைந்துவிடவும் கூடாது. நம் பக்கத்து வழக்கம் தெரியுமே: எது வந்தாலும் வேலூர். களம்பூர் ரயில் நிலையத்துக்கு ரயில்வேக்காரர்கள் 'ஆரணி ரோடு' என்று பேர் வைத்ததே ஒரு வேடிக்கை. அங்கே ஏறினால் கண்ணமங்கலம் வழியாக வேலூர் கன்டோன்மென்ட், காட்பாடி என்று போய்விடலாம் என்பதால் பாட்டி காலத்திலிருந்தே பெரிய வியாதி என்றால் அந்தத் திசைதான். போவதில் தப்பில்லை. ஆனால் சேர்ப்பதற்கு முன் கவுன்டரில் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்த ஆஸ்பத்திரி முதல்வர் காப்பீட்டில் இருக்கிறதா? எங்களுக்கு வந்திருக்கும் இந்த நோய்க்கு, இந்த ஆஸ்பத்திரியில், அது செல்லுமா? முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தவுடன் நிறுத்திக்கொள்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். இதயத்துக்கு அனுமதி பெற்ற ஆஸ்பத்திரி சிறுநீரகத்துக்குப் பெறாமல் இருக்கலாம். "இப்ப கட்டிடுங்க, அப்பறம் இன்சூரன்ஸ்ல திருப்பி வாங்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் உடனே உஷாராகுங்கள். இந்தத் திட்டத்தில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடே கிடையாது. சிகிச்சைச் செலவை அவர்கள் நேராக ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பதுதான் வழி. சந்தேகம் என்றால் 1800 425 3993, கட்டணமில்லா எண். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் வேலூருக்கு அடுக்கம்பாறையிலும் திருவண்ணாமலையிலும் இருக்கின்றன என்பதையும் மறந்துவிடாதீர்கள். அங்கே கூட்டம்தான், காத்திருக்கத்தான் வேண்டும், ஒரு சிலர் எரிந்து விழவும் செய்வார்கள். ஆனால் அங்கிருந்து யாரும் தறியை விற்றுக்கொண்டு வெளியே வருவதில்லை.

காப்பீடு எதற்கெல்லாம் வராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பஸ் செலவு, கூட இருப்பவரின் சாப்பாடு, மாதா மாதம் வாங்கும் மாத்திரை, நின்றுபோன கூலி, இவற்றுக்குப் பெரும்பாலும் வராது. கடன் நுழைவது இந்த ஓட்டைகள் வழியாகத்தான். மாத்திரைக்கு மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகம் இருக்கிறது. டாக்டர் எழுதிய பிராண்டுக்குப் பதில் அதே மருந்தைப் பாதிக்கும் குறைவான விலையில் வாங்கலாமா என்று டாக்டரிடமே கேட்டுவிடலாம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இன்று எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். பக்கவாதத்தில் கை கால் விளங்காதவருக்கு உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் வருவார், படுத்த படுக்கையாகிவிட்டவருக்கு நர்ஸ் வருவார். உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பேர் கொடுங்கள்.

கூலிக்கு என்ன வழி? நெசவாளருக்குக் கைத்தறி, கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பதிவு இலவசம், கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம், மரண உதவி எல்லாம் உண்டு. பதிந்துகொள்ளுங்கள். ஆனால் நோயில் படுத்திருக்கும் மாதத்துக்குக் கூலி தர அதில் ஏற்பாடு இல்லை. நெசவாளரின் நோய் நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது இத்தனை வருடமாக யாரும் அடைக்காத ஓட்டை, ஓட்டு கேட்டு வரும்போது கேளுங்கள்.

களம்பூரில் அரிசி ஆலைக்குப் போகும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஊர் பேரே அரிசிக்குத்தானே! மூட்டையில் களம்பூர் பொன்னி என்று அச்சடித்துச் சென்னைவரை போகிறது. தறிக்கார வீட்டிலேயே ஒருவர் ஆலைக்குப் போவதும் சகஜமாகிவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம். அது இருந்தால் தொழிலாளிக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் கணவனுக்கும் சேர்த்தே வைத்தியம். தொழிலாளியே படுத்தால், சந்தா நாள் கணக்கு சரியாக இருந்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். தறியில் இல்லாத வசதி இது. உஷாராக வேண்டியது இங்கேயும் இருக்கிறது. சம்பளத்தில் முக்கால் சதவீதம் பிடிக்கிறார்கள் என்பதால் மட்டும் கட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். உங்கள் இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி, படித்த பிள்ளையை விட்டு இணையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணே தரவில்லை என்றால் விஷயம் புரிந்துவிடும்.

தறியில் நிற்கும் பாவைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி நெய்த சேலையோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் முதலாளியிடம் சொல்லாமல் மறைப்பதைப் பார்க்கிறோம். முன்பணம் வாங்கியிருக்கிறோம், தெரிந்தால் திருப்பிக் கேட்பார், வேறு ஆளுக்குப் பாவைக் கொடுத்துவிடுவார் என்ற பயம். மழைக்காலமானால் குழியில் ஈரம் ஏறும். இழை தளர்ந்து தொங்கும், தூசி படியும், எலி கடிக்கும். மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தால் பாவே வீண், ஜரிகையும் கறுத்திருக்கும். நஷ்டம் முன்பணத்தோடு சேர்ந்து கணக்கில் ஏறிவிடும். இரண்டாம் நாளே சொல்லிவிடுங்கள். மைத்துனரோ பங்காளியோ வந்து அந்த ஒரு சேலையை இறக்கிக் கொடுத்தால் பாதிக் கூலியாவது உங்களுக்கு வரும். சொல்லும்போது இன்னொன்றும் கேளுங்கள்: பாக்கி இவ்வளவு, இன்ன தேதிவரை பிடித்தம் இல்லை என்று நோட்டில் எழுதி வாங்குங்கள். நல்ல முதலாளிதான், வாய்வார்த்தை போதும் என்பீர்கள். நல்லவர்தான். அவர் மகன் கணக்குப் பார்க்க வரும்போது அந்த நோட்டு பேசும்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கடுமையானது. கடனில் மூச்சுத் திணறும் நெசவாளரைத் தேடி வரும் ஆட்களில் வட்டிக்காரரைவிட மோசமானவர்கள் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் வெளியே வந்த விவகாரம் ஞாபகம் இருக்கும். விசைத்தறித் தொழிலாளர்களின் கடனைத் தெரிந்துகொண்டு புரோக்கர்கள் வீட்டுக்கே போய், சிறுநீரகத்துக்கு விலை பேசியிருக்கிறார்கள். இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளின் உறுப்பு மாற்று உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைத்தது. அங்கே விசைத்தறி, இங்கே கைத்தறி, கடன் ஒன்றுதான். உறுப்பை விற்பது 1994-ம் வருடச் சட்டப்படி குற்றம். வாங்குகிறவர், புரோக்கர் மட்டுமல்ல, காசு வாங்கிக்கொண்டு கொடுத்தவரும் சட்டத்தின் பிடிக்குள் வருவார்; பத்து வருடம் வரை சிறை. அதைவிட, உட்கார்ந்து காலால் மிதித்து நெய்யும் உடம்பை அறுத்துக் கொடுத்துவிட்டு எந்தத் தறியில் உட்காருவது? "சொந்தக்காரங்கன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டா போதும்" என்று ஒருவர் ஆரம்பித்தால், பேச்சை அங்கேயே முடித்து போலீஸுக்குச் சொல்லுங்கள்.

இன்னொரு வலை, நம் வீட்டு வாசலிலேயே விரிக்கப்பட்டது. ஆருத்ரா என்ற நிதி நிறுவனம். மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை வட்டி தருவதாகச் சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் போட்டது. 2022 மே மாதச் சோதனைகளில் ஆரணியும் இருந்தது. இதில் பேராசைக்காரர்கள் மட்டும்தான் விழுந்தார்கள் என்று சொல்வது எளிது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வீட்டில் டயாலிசிஸ் நடக்கிறது, கையில் இரண்டு லட்சம் இருக்கிறது, அது ஆறு மாதத்தில் கரைந்துவிடும் என்று தெரிகிறது. அந்த நிலையில் இருப்பவரிடம் "ரெண்டு லட்சத்தப் போடுங்க, மாசம் அம்பதாயிரம் வரும், முதல் அப்படியே இருக்கும்" என்றால் அவருக்குக் கேட்பது ஆசை வார்த்தையா, வைத்தியச் செலவுக்கு ஒரு வழியா? நோய் வந்த குடும்பத்தின் கணக்கு இப்படித்தான் தடுமாறும். அதனாலேயே சொல்கிறேன்: சிகிச்சைக்கு வைத்த பணத்தை 'வளர்க்க' நினைக்காதீர்கள். தீபாவளிச் சீட்டானாலும் தங்க நகைச் சீட்டானாலும் பதிவு பெற்றதா என்று பாருங்கள். வீட்டில் ஒருவர் படுத்திருக்கும் வருடம் எந்தப் புதுச் சீட்டிலும் சேர வேண்டாம்.

நேரத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. வாய் கோணினாலோ, ஒரு கை திடீரென்று தூக்க முடியாமல் போனாலோ, பேச்சுக் குழறினாலோ 'வாதம் அடிச்சிருக்குது' என்று எண்ணெய்க்காரரைத் தேடிப் போகாதீர்கள். ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போங்கள். நெஞ்சுவலி என்றால் முதல் நிறுத்தம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை. காசநோய் என்று தெரிந்தால் மருந்து முழுக்க இலவசம். 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்காக நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், பாவு கொடுக்க மாட்டார்கள் என்று மறைத்துத் தனியாரிடம் ரகசியமாக வைத்தியம் பார்த்துக் கடனாளியாகும் வீடுகளை என்ன சொல்வது! ஓலைப் பாயில் ஒன்றாகப் படுக்கும் குழந்தைகளுக்கு அது தொற்றும் என்பதையாவது யோசிக்க வேண்டாமா?

பார்த்துக்கொள்கிறவரின் உடம்பு கடைசியில்தான் யாருக்காவது ஞாபகம் வருகிறது. புருஷனுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுத் தன் பிரஷர் மாத்திரையை விட்டுவிடும் பெண்கள், மனைவியின் கீமோதெரபிக்கு அலைந்துவிட்டு ராத்திரி குடிக்கு ஒதுங்கும் ஆண்கள், இரண்டு பேரும் நோயாளிகளே. தூக்கமே வரவில்லை, அழுகை நிற்கவில்லை, 'செத்துடலாமா' என்று நினைப்பு ஓடுகிறது என்றால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. வட்டிக்காரன் திட்டினான் என்பதற்காகவும் கூப்பிடலாம். அதுவும் ஒரு காரணம்தான்.

இன்னும் யாரும் படுக்காத வீடுகளுக்கு ஒரு வேலை. பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். முதலாவதில் எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். சேர வயது 18 முதல் 50 வரை. வங்கி தானாகவே மே மாதக் கடைசியில் பிடித்துக்கொள்ளும். கணக்கில் பணம் இல்லாமல் அந்த வாரம் தவறிப்போய், ஜூனில் கணவரை இழந்தவருக்கு ஒன்றும் வராது. மே 25-ம் தேதிக்கு முன்னால் புருஷன், பெண்ஜாதி இரண்டு பேர் பாஸ்புக்கையும் எடுத்துப் பாருங்கள். ஆளுக்கு 456 ரூபாய் இருக்க வேண்டும்.